நாலு கதவும் ஒரு சூலமும்

"ஏப்பா, இத்தாச்சோட்டு வண்டிக்குப் பேரு என்ன?"

"குவாட்ரோபோர்ட்டேங்கப்பா."

"அப்படின்னா?"

"இத்தாலி பாஷையில 'நாலு கதவு'ன்னு அர்த்தம்."

அப்பா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து எண்ணிப் பார்த்தார். சரியாக நாலு இருந்தது. "பரவால்ல, பொய் சொல்லல" என்றார்.

இது நடந்தது 2024 மே மாதம், லண்டன் ஹீத்ரூ விமான நிலையத்தின் கார் பார்க்கிங்கில். கோயமுத்தூரில் ஒரு மில் முதலாளி வீட்டில் இருபத்திரண்டு வருஷம் ஃபியட் ஓட்டியவர் என் அப்பா. தன் மகன் அந்நிய நாட்டில் என்ன ஓட்டுகிறான் என்று பார்க்க வந்திருந்தார். பேத்தியைப் பார்க்க வந்ததாக வெளியில் சொல்லிக்கொண்டார். ஆனால் இறங்கியதும் பேத்தியைத் தூக்குவதற்கு முன்னால் பானெட்டைத் திறக்கச் சொன்னதற்கு நான் சாட்சி.

கதையை ஒரு வருஷம் பின்னால் எடுத்துக்கொண்டு போகிறேன். ரிவர்ஸில் போவதற்கு மன்னிக்கவும்.

* * *

நான் லண்டனுக்கு வடமேற்கே ஹாரோவில் குடியிருந்து, ஸ்லோவில் ஆபீஸ் போகிற சாதாரண கம்ப்யூட்டர் குமாஸ்தா. போக வர சுமார் 48 கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்கு நல்ல பிள்ளைகள் ஜப்பான் வண்டி வாங்குவார்கள். ஸ்டார்ட் ஆகும், போகும், வரும், பேச ஒன்றும் இருக்காது. நானும் ஆறு வருஷம் அப்படித்தான் நல்ல பிள்ளையாக இருந்தேன்.

நாற்பது வயது தாண்டியபோது புத்தி கெட்டது. ஒரு நாள் மத்தியானம், டிபன் பாக்ஸில் தயிர்சாதத்தை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் பழைய கார் விளம்பரங்களை மேய்ந்தபோது அதைப் பார்த்தேன். 2008 மாடல் மஸராட்டி குவாட்ரோபோர்ட்டே. கருநீலம். புதிதாக வந்தபோது எழுபதாயிரம் பவுண்டுக்கு மேல் விற்ற வண்டி. கேட்ட விலை 11,800 பவுண்டு. ஆபீஸில் எனக்குப் பக்கத்து சீட்காரன் அதைவிட அதிகம் கொடுத்து ஒரு சாதாரண ஹேட்ச்பேக் வாங்கியிருந்தான்.

இங்கேதான் சார் ஆசாமிகள் விழுவது. நானும் விழுந்தேன். நல்ல வேளையாக, ஒரு சின்னப் பட்டறையில் இத்தாலிய வண்டிகளை மட்டும் பார்க்கும் ஒரு பெரியவர் என்னைப் பாதியிலேயே பிடித்தார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: வண்டிக்கு வயசானால் விலை குறையும். ஸ்பேர் பார்ட்ஸுக்கு வயசே ஆகாது. பிரேக் டிஸ்க்குக்கு நீங்கள் 11,800 பவுண்டு வண்டிக்காரர் என்று தெரியாது. அது தன்னை இன்னும் எழுபதாயிரம் பவுண்டு வண்டியின் உறுப்பு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே முதல் விதி: வாங்குகிற விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைக்க முடியாதவர்கள், விளம்பரத்தை மூடிவிட்டுத் தயிர்சாதத்தைச் சாப்பிடவும்.

* * *

பிறகு ஜாதகப் பொருத்தம். எப்போது பிறந்தது என்பது பெண்ணைவிட காருக்கு முக்கியம்.

இந்த வண்டி 2003-ல் அறிமுகமானது. உருவம் பினின்ஃபரினா. 4.2 லிட்டர், எட்டு சிலிண்டர், சுமார் 400 குதிரைசக்தி. இன்ஜின் செய்தது பக்கத்து ஊர் மாரனெல்லோவில் இருக்கும் ஃபெராரி. ஆரம்பத்தில் வந்த வண்டிகளில் 'டியோசெலக்ட்' என்ற கியர்பாக்ஸ். கிளட்ச் பெடல் கிடையாது, ஆனால் கிளட்ச் உண்டு. கம்ப்யூட்டர் அதை மிதிக்கும். வேகமாகப் போனால் சொர்க்கம். டிராஃபிக்கில் ஊர்ந்தால் கிளட்ச் கற்பூரமாகக் கரையும். 2007-ல்தான் சாதுவான ஆறு கியர் ஆட்டோமேட்டிக் வந்தது.

"தினம் ஆபீஸ் போகவா? ஆட்டோமேட்டிக் தவிர வேறு எதையும் தொடாதே" என்றார் பட்டறைப் பெரியவர்.

இதில் ஒரு முடிச்சு. இங்கிலாந்தில் 2006 மார்ச் 23-க்கு முன் பதிவான கார் என்றால், எவ்வளவு புகை விட்டாலும் சாலை வரிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. நான் வாங்கிய சமயம் சுமார் 400 பவுண்டு. அன்றைக்கோ அதற்குப் பிறகோ பிறந்திருந்தால் வருஷத்துக்குச் சுமார் 700. ஆக, வரி குறைந்த வண்டியில் கிளட்ச் கரையும், கிளட்ச் கரையாத வண்டியில் பணம் கரையும். ஆண்டவன் எல்லாவற்றையும் ஒருவனுக்கே கொடுப்பதில்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? நான் வரியைத் தேர்ந்தெடுத்தேன். வரி எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும். கிளட்ச் சொல்லிக்கொண்டு போகாது.

மற்றப் பொருத்தங்கள்: பதிவு எண்ணைத் தட்டினால் அந்த வண்டியின் வருடாந்தரத் தகுதிச் சோதனை - எம்.ஓ.டி. என்பார்கள் - சரித்திரம் முழுக்க இலவசமாக வந்து விழும். எந்த வருஷம் எதில் ஃபெயில், எத்தனை மைல், எல்லாம். சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் மைலும் இதுவும் ஒத்துப்போக வேண்டும். கடன் பாக்கி இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். நாலு டயரும் ஒரே கம்பெனியா என்று குனிந்து பார்க்க வேண்டும். நாலு கம்பெனி டயர் போட்டிருந்தால் முந்தைய சொந்தக்காரர் பணத்தட்டுப்பாட்டில் இருந்திருக்கிறார். ஆயிலிலும் கை வைத்திருப்பார். முக்கியமாக, நாம் போகும்போது இன்ஜின் ஆறிப்போய் இருக்க வேண்டும். "உங்களுக்காகச் சூடு பண்ணி வைத்தேன்" என்று விற்பவர் சொன்னால் காபி மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம்.

என் வண்டி எல்லாவற்றிலும் தேறியது. பெரியவருக்கு இருநூறு பவுண்டு தட்சிணை கொடுத்து, வண்டியை லிஃப்டில் தூக்கி அடிவயிற்றையும் பார்க்கச் சொன்னேன். "பின் டயர் ரெண்டும் மாத்தணும். மத்தபடி கல்யாணம் பண்ணிக்கலாம்" என்றார்.

மிச்சம் ஒரே ஒருத்தியின் சம்மதம்தான்.

* * *

என் மனைவி சத்தம் போடவில்லை. அதுதான் பயம். உள்ளே போய் ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்து வந்தாள்.

"ஏனுங்க, வாங்குற காசு உங்க போனஸ் காசு. அதை நான் கேக்கல. ஓட்டுற காசு வீட்டுக் காசு. பெட்ரோல், வரி, இன்ஷூரன்ஸ், ரிப்பேர், ஒரு ஸ்க்ரூ வாங்கினாலும் இதுல எழுதோணும். ஒரு வருஷத்துல ஏழாயிரம் தாண்டுச்சுன்னா வண்டிய வித்துப்போடணும். சரியா?"

"சரி" என்றேன். அந்த நிமிஷத்தில் எழுபதாயிரம் என்றாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

2023 ஜூனில் வண்டி வந்தது. கோயமுத்தூரிலிருந்து அம்மா வீடியோவில் பார்த்தாள். மூக்கில் மூன்று முனையோடு ஒரு சின்னம் இருந்ததா, அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். "சூலம் இருக்குது பாரு! மாரியம்மன் வண்டிடா. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்திடு."

ஏற்றினேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தாத்தா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அது என்ன?"

"ஒரு வகை இன்ஷூரன்ஸ்."

"பிரீமியம் எவ்வளவு?"

"நாலு பழம், ஒரு பவுண்டு இருபது பென்ஸ்."

"என்னுடையதைவிட மலிவு" என்று உள்ளே போய்விட்டார்.

இதே தாத்தாவுக்கு அடுத்த இரண்டாவது மாதம் சோதனை வந்தது. புகை அதிகம் விடும் பழைய வண்டிகளுக்கு, ஓட்டுகிற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு கட்டணம் என்ற திட்டம் 2023 ஆகஸ்ட் 29-ல் லண்டனின் வெளிப்பகுதி முழுவதற்கும் வந்தது. டீசல் என்றால் யூரோ 6 வேண்டும். பெட்ரோலுக்கு யூரோ 4 போதும். அவருடைய சின்னஞ்சிறு டீசல் காருக்குக் கட்டணம் உண்டு. என் எட்டு சிலிண்டர் பூதம் பெட்ரோல் என்பதால் கட்டணம் இல்லை! அன்று சாயங்காலம் வேலியோரம் வந்து, "இதுக்கு எலுமிச்சம்பழம் வேலை செய்யுமா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அடுத்த மாதம் அந்தக் காரை விற்றுவிட்டு பஸ்ஸில் போக ஆரம்பித்தார். மழை நாளில் நான் வற்புறுத்தி மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போவேன்.

* * *

தினசரி வாழ்க்கை எப்படி? சொல்கிறேன்.

லண்டனைச் சுற்றி எம்-25 என்று 188 கிலோமீட்டர் வளையம். உலகத்திலேயே பெரிய பார்க்கிங் என்று இங்கே கேலி செய்வார்கள். காலை எட்டு மணிக்கு அதில், ஒரு காய்கறி லாரிக்குப் பின்னால், 400 குதிரைகளும் வரிசையில் நின்று மூச்சுவிடும். ஊருக்குள் லிட்டருக்கு 4 கிலோமீட்டர், நீண்ட சாலையில் 8. சராசரி 6. தினமும் 8 லிட்டர் என்றால் கிட்டத்தட்ட 12 பவுண்டு. சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்கில் ஐந்து மீட்டர் நீளத்தை நுழைப்பதற்குள் சட்டை நனைந்துவிடும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை, ரோடு காலியாக இருக்கும்போது, கண்ணாடியை இறக்கி, நாலாயிரம் ஆர்.பி.எம். தாண்டினால் ஒரு சத்தம் வரும் பாருங்கள். நம் ஊர் நாதஸ்வரக்காரர் மூச்சு பிடித்து மேல் ஸ்தாயிக்குப் போவாரே, அது. அந்த அரை நிமிஷத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும்.

நோட்டு மட்டும் தூங்கவில்லை. பெட்ரோல் 2,600. வரி 700. இன்ஷூரன்ஸ் 1,150. சர்வீஸ் 900. பின் டயர் இரண்டு 560. டிசம்பரில் ஐந்து வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால், பாட்டரி கட்டை. ஐந்து வாரம் திரும்பிப் பார்க்காமல் விட்டால் பெண்டாட்டியே கோபித்துக்கொள்வாள், பாட்டரி கோபிக்காதா? பார்க்கிங்கில் விடும்போது செருகி வைக்கிற சின்ன சார்ஜர் முப்பது பவுண்டு. அதை வாங்காததால் தண்டம் 220. பிப்ரவரியில் மழைத் தண்ணீர் மூடிய பள்ளத்தில் இறக்கி இன்னொரு டயர் போனது: 280. தகுதிச் சோதனை 55.

ஏப்ரல் கடைசியில் நோட்டில் கூட்டிப் பார்த்தாள். 6,465.

"535 மிச்சமிருக்குது. இன்னும் ஒரு மாசம்" என்றாள். பரீட்சைக்கு நாள் சொல்கிற வாத்தியார் மாதிரி. மே மாதத்தில் வண்டியைத் தொடவே கூடாது, பஸ்ஸில் ஆபீஸ் போய் ஒப்பேற்றிவிடலாம் என்று திட்டம் போட்டேன்.

அப்போதுதான் அப்பா வந்தார்.

* * *

பானெட்டுக்குள் நாலு நிமிஷம் பார்த்தவர் கேட்டார். "இது யாரு கம்பெனி?"

"1993-ல ஃபியட் கைக்கு வந்துருச்சுங்கப்பா."

"ஃபியட்டா? நம்ம ஃபியட்டா?" அப்பாவின் முகம் மலர்ந்தது பாருங்கள். "அப்ப பங்காளி வண்டின்னு சொல்லு!"

அவர் ஓட்டியது பம்பாய் குர்லாவில் தயாரான பத்மினி. 1,089 சி.சி. பெயரைப் பத்மினி என்று மாற்றி எத்தனை வருஷமானாலும் அவருக்கு அது ஃபியட்தான். கியர் தரையில் இருக்காது. ஸ்டீயரிங் தண்டிலேயே இடது கைப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்.

"இது பொறந்த ஊரு எங்கே?"

"மோடனா. இங்கேர்ந்து 1,400 கிலோமீட்டர்."

"ஒரு நா போய்ப் பாக்கலாமா?"

என் அப்பா எழுபத்தோரு வயது வரை என்னிடம் எதையும் கேட்டதில்லை. செருப்பு வேண்டுமா என்றால்கூட 'இருக்கறது போதும்' என்பவர். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் நோட்டைப் பார்த்தாள். "டூர் செலவு தனிக் கணக்கு" என்றாள். அவருக்கு ஐரோப்பிய விசா ஊரிலேயே வாங்கியிருந்தோம். அந்தக் கதையைத் தனித் தொடராக எழுதலாம்.

* * *

ஃபோக்ஸ்டனில் காரோடு ரயிலுக்குள் ஏறி, 35 நிமிஷத்தில் கடலுக்கு அடியில் புகுந்து பிரான்ஸில் கலேயில் வெளிவந்தோம். அங்கே ரோட்டில் வலது பக்கம் போக வேண்டும். என் ஸ்டீயரிங்கோ நம் ஊர் போல வலது பக்கம். இதனால் இரண்டு சங்கடம்.

ஒன்று, டோல்கேட் ஜன்னல் எனக்கு எட்டாது. இடது பக்கம் உட்கார்ந்தவர்தான் சீட்டு வாங்கிப் பணம் கட்ட வேண்டும். இரண்டு, சின்ன ரோட்டில் லாரியை முந்தும்போது எதிரே என்ன வருகிறது என்று எனக்குத் தெரியாது. இடது பக்கம் உட்கார்ந்தவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆக, அப்பாவுக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது. பின்சீட்டில் கால் நீட்டி முதலாளி மாதிரி உட்காருங்கள் என்று நான் போட்ட திட்டம் கலேயிலேயே காலி. பின்னால் மனைவியும் எட்டு வயது மகளும். முன்னால் அப்பா. "வருது... வருது... இரு... போலாம், ரைட்!" என்று உக்கடம் பஸ் கண்டக்டர் குரலில் பிரான்ஸ் முழுக்க என்னை நடத்திச் சென்றார். ரீம்ஸ் தாண்டுவதற்குள் டோல்கேட்டில் 'மெர்சி' சொல்லப் பழகிவிட்டார். அவர்களும் பதிலுக்குச் சிரித்தார்கள். ராத்திரி வழியில் ஒரு சின்ன ஓட்டலில், மனைவி கட்டிக்கொண்டு வந்த புளிசாதம்.

மறுநாள் ஆல்ப்ஸ். மோன் பிளாங்க் மலைக்கு அடியில் 11.6 கிலோமீட்டர் நீளச் சுரங்கம். 1965-ல் திறந்தது. 1999 மார்ச்சில் உள்ளே ஒரு லாரி தீப்பிடித்து 39 பேர் இறந்துபோனார்கள். மூன்று வருஷம் மூடிக்கிடந்து 2002-ல் மறுபடி திறந்தார்கள். அதனால் இப்போது கெடுபிடி அதிகம்: 70-க்கு மேல் போகக்கூடாது, முன்வண்டிக்கும் நமக்கும் 150 மீட்டர் இருக்க வேண்டும். அதைக் காட்டச் சுவரில் நீல விளக்குகள். அப்பா அந்த விளக்குகளை எண்ணிக்கொண்டே வந்தார்.

சுரங்கத்தின் அந்தப் பக்கம் இத்தாலி. இத்தாலிக்குள் வந்ததும் எனக்கு உற்சாகம் தலைக்கேறியது. 'உன் சொந்த ஊர் வந்தாச்சு' என்று வண்டிக்குச் சொல்லிவிட்டு, மோட்டார்வேயை விட்டுப் பழைய மலை ரோட்டில் இறக்கினேன். ஹேர்பின் வளைவுகள். ஆட்டோமேட்டிக் 'டி'யில் இருக்கிறது. வேகம் எடுக்கும்போதெல்லாம் பிரேக். வளைவு, பிரேக். வளைவு, பிரேக். கிட்டத்தட்ட இரண்டு டன் வண்டி, நாலு பேர், டிக்கி நிறைய சாமான்.

அப்பா மூக்கை உறிஞ்சினார். "ஏப்பா, லைனர் வாசம் வருது."

"வெளியில லாரியா இருக்கும்ங்கப்பா."

அடுத்த வளைவில் பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனது. அதற்கடுத்த வளைவில் இன்னும் கொஞ்சம். பஞ்சை மிதிப்பது மாதிரி. வலது பக்கம் இரும்புத் தடுப்பு. தடுப்புக்கு அப்பால் ஒன்றுமில்லை. பின்னால் என் மகள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். என் கை ஈரமாகிவிட்டது.

அப்பா குரலை உயர்த்தவே இல்லை. "பதறாத கண்ணு. பிரேக்க வுட்டு வுட்டுப் புடி. கியரைக் குறை. ஏறின கியர்லதான் எறங்கோணும்."

லீவரைத் தட்டி மேனுவலுக்குத் தள்ளினேன். மூன்று. இரண்டு. இன்ஜின் உறுமியது. அத்தனை நாள் நான் ரசிப்பதற்காகப் போட வைத்த சத்தம், அன்றைக்குத்தான் வேலைக்காகப் போட்டது. வண்டி தானாக நிதானத்துக்கு வந்தது. "ஆங். இப்ப நம்ம சொன்ன பேச்சு கேக்குது. அந்த எடத்துல ஒதுக்கு."

ஒதுக்கினேன். முன் சக்கரத்திலிருந்து லேசாகப் புகை. நான் தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டார். "சூடு மேல தண்ணி ஊத்துனா விரிசல் வுட்டுரும். காத்துல ஆறட்டும். பார்க்ல போட்டுட்டயல்ல? பிரேக்க மிதிச்சுட்டு உக்காராத."

வண்டியில் ஒரு குறையும் இல்லை சார். ஓட்டியவனிடம்தான் குறை. மலையையே பார்க்காத எம்-25 டிரைவர்.

அரை மணி நேரம் பாறையில் உட்கார்ந்தோம். எதிரே பனி மலை. அப்பா பேசினார்.

"எண்பத்தேழுல, குன்னூர்லேர்ந்து மேட்டுப்பாளையம் எறங்கறேன். மொதலாளி வீட்டம்மா, ரெண்டு கொழந்தைங்க. பர்லியார்கிட்ட வாரப்ப பிரேக் சுத்தமா இல்ல. ஒண்ணாங் கியர்ல போட்டு, மண் திட்டுல உரசியே நிறுத்துனேன்."

எனக்கு இந்தக் கதை தெரியாது. முப்பத்தேழு வருஷம்.

"மொதலாளி என்னங்கப்பா சொன்னாரு?"

"நூறு ரூவா குடுத்தாரு. மட்கார்டு நசுங்குனதுக்கு எழுவத்தஞ்சு புடிச்சுக்கிட்டாரு."

"ஏன் எங்ககிட்டச் சொல்லவே இல்ல?"

"சொன்னா உங்கம்மா மறுநா வேலைக்கு வுட்டிருப்பாளா? அப்ப நீ நாலாப்பு."

பின்னால் நின்றிருந்த என் மனைவி எதுவும் சொல்லவில்லை. ஃபிளாஸ்க்கைத் திறந்து முதல் டம்ளர் டீயை அவருக்குக் கொடுத்தாள்.

* * *

மோடனா அமைதியான ஊர். செங்கல் வீடுகள், சைக்கிளில் போகும் பாட்டிகள், வெள்ளைக் கல்லில் பழைய தேவாலயம், பக்கத்தில் கிர்லாந்தினா என்ற உயரக் கோபுரம். மரப்பீப்பாயில் பன்னிரண்டு வருஷம், இருபத்தைந்து வருஷம் என்று ஊறவைக்கும் ஒரு கறுப்புக் காடி இந்த ஊர் விசேஷம். ஒரு கடையில் அரை ஸ்பூன் கொடுத்தார்கள். அப்பா நாக்கில் வைத்து யோசித்து, "நம்ம புளிக்காய்ச்சல்ல வெல்லம் தூக்கலாப் போட்டாப்பல இருக்குது" என்றார். விலையைச் சொன்னதும் ஸ்பூனை மறுபடி நக்கினார்.

மஸராட்டி 1914-ல் பக்கத்து ஊர் பொலோன்யாவில் அண்ணன் தம்பிகள் ஆரம்பித்த கம்பெனி. அந்த ஊர்ச் சதுக்கத்தில் கடல் தெய்வம் நெப்டியூன் சிலை ஒன்று; அதன் கையிலிருந்த ஆயுதத்தைத்தான் இன்னொரு சகோதரர், ஓவியர் மாரியோ, சின்னமாக்கினார். அங்கே போய் அந்தச் சிலையையும் பார்த்தோம். அப்பா அண்ணாந்து பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்துகொண்டார். "சூலமெல்லாஞ் செரி. ஒரு வேட்டி கட்டிவுட்டிருக்கலாம்."

சீரோ மெனோத்தி சாலையில் தொழிற்சாலை. ஞாயிற்றுக்கிழமை. உள்ளே போக முன்பதிவு செய்யவில்லை. வெளியே சின்னம் தெரிகிற மாதிரி வண்டியை ஓரமாக நிறுத்தினேன். பதினாறு வருஷம் கழித்துப் பிறந்த வீட்டு வாசலில் நின்றது வண்டி. உள்ளேயிருந்து யாரும் ஆரத்தியோடு வரவில்லை.

"அப்பா, பின்சீட்ல உக்காருங்க. ஒரு போட்டோ. இது பின்னாடி உக்கார்றதுக்குன்னே செஞ்ச வண்டி. இந்த நாட்டு ஜனாதிபதியே ஒரு காலத்துல குவாட்ரோபோர்ட்டே பின்சீட்லதான் போனாரு."

"அதெல்லாம் வேண்டாம்" என்றார். கொஞ்சம் தயங்கி, "முன்னாடி வேணா உக்காரட்டுமா?" என்றார்.

முன்னாடி என்றால் இடது பக்கம் இல்லை. இன்ஷூரன்ஸ் என் பேரில் மட்டும், அவர் ஓட்ட முடியாது என்று கிளம்பும்போதே சொல்லியிருந்தேன். சாவி என் பையில் இருந்தது. கதவைத் திறந்துவிட்டேன்.

அப்பா செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைச் சரிபார்த்தார். வலது கை ஸ்டீயரிங்கில். இடது கை மெதுவாக எழுந்து, ஸ்டீயரிங் தண்டுப் பக்கம் போய், காற்றில் எதையோ தேடியது. அங்கே ஒன்றும் இல்லை. ஒரு வினாடி அங்கேயே நின்றது. பிறகு மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்தப் போட்டோதான் இப்போது எங்கள் ஹாலில் இருக்கிறது.

* * *

திரும்பி வந்ததும் பட்டறைக்குப் போனேன். முன்பக்க டிஸ்க் இரண்டும் நிறம் மாறியிருந்தன. பேட் காலி. பிரேக் ஆயிலையும் மாற்ற வேண்டும். மொத்தம் 1,150 பவுண்டு. பெரியவர் முகத்தைப் பார்க்காமலேயே, "மலையில் 'டி'யில் இறங்கினாயா?" என்று கேட்டார். எல்லா ஊரிலும் பெரியவர்களுக்கு மூக்கு ஒன்றுதான்.

மனசுக்குள் கூட்டினேன். 6,465-ம் 1,150-ம், 7,615. தீர்ந்தது. அன்று ராத்திரி, அப்பா தூங்கின பிறகு, பில்லை மேஜையில் வைத்தேன். விற்பனை விளம்பரத்துக்கு என்ன எழுதுவது என்றுகூட யோசித்துவிட்டேன்: 'கவனமாகப் பராமரிக்கப்பட்டது. ஒரே ஒரு முறை முட்டாளால் ஓட்டப்பட்டது.'

அவள் பில்லைப் படித்தாள். வண்டி நோட்டை எடுக்கவில்லை. வீட்டுச் செலவு நோட்டை எடுத்தாள். மகளின் நீச்சல் வகுப்புக் கட்டணம், தமிழ்ப் பள்ளிச் சந்தா எழுதியிருந்த 'படிப்புச் செலவு' பக்கத்தைப் புரட்டி, கீழே எழுதினாள்:

'டிரைவிங் கிளாஸ் - 1,150. வாத்தியார்: மாமா.'

நான் வாயைத் திறப்பதற்குள் நோட்டை மூடிவிட்டாள். "வண்டிக் கணக்குல இன்னும் 535 மிச்சந்தான் இருக்குது. ஆனா ஒண்ணு சொல்லிப்போட்டேன்..."

"என்ன?"

"அடுத்த வருஷத்துக்கு லிமிட் ஆறாயிரம்."